'டேக்' என்ற ஒரு சொல்: குமரி மாவட்டத்தில் ஆங்கிலம் பழகுகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

தமிழில் 'எடு' வருகிற இடத்திலெல்லாம் ஆங்கிலத்தில் 'டேக்' போட்டுவிடுவது நம் ஊரில் ரொம்பச் சாதாரணம். நன்றாகப் படித்த பிள்ளைகளிடமும் இதைப் பார்க்கலாம். நர்சிங் முடித்துவிட்டு வெளிநாட்டு நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர், கன்னியாகுமரி கடற்கரையில் சங்கும் பாசிமாலையும் விற்கிறவர், திருவனந்தபுரத்துக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போகிறவர் எல்லாருக்கும் இந்த ஒரு வினை தினமும் தேவைப்படுகிறது. அகராதியைத் திறந்தால் இதற்குப் பக்கம் பக்கமாக அர்த்தம் இருக்கும். அதை மனப்பாடம் செய்து பயனில்லை. 'டேக்' எந்தச் சொல்லோடு சேர்ந்து வருகிறது என்பதைத்தான் பழக வேண்டும். இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு முறையில்தான் போகிறது.

முதல் படி: வடிவமும் ஒலியும்

வடிவங்கள் மூன்று: டேக், டுக், டேக்கன். நிகழ்காலத்தில் அவன், அவள், அது என்று வந்தால் 'டேக்ஸ்'.

'டுக்' குறில். 'புக்', 'லுக்' போல வெட்டிச் சொல்ல வேண்டும். 'டூக்' என்று நீட்டினால் கேட்பவருக்குச் சட்டென்று பிடிபடாது. அதேபோல 'டேக்கு' என்று கடைசியில் ஒரு உகரம் சேர்ப்பது நம் நாக்குப் பழக்கம். 'க்' என்பதோடு நிறுத்துங்கள். ஆனால் அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். "டேக் இட்" என்பது 'டேக்கிட்' என்றும், "டேக் ஆஃப்" என்பது 'டேக்காஃப்' என்றும் காதில் விழும். வெளிநாட்டுக்காரர் பேசுவது புரியவில்லை என்று சொல்கிறவர்கள் பலர் இந்த இடத்தில்தான் தவறவிடுகிறார்கள்.

"டிட்" வந்தால் பின்னால் எப்போதும் 'டேக்' மட்டும்: "டிட் யூ டேக் தி கீ?" "டிட் யூ டுக்" கிடையாது. "ஹேவ்", "ஹேஸ்", "ஹேட்" வந்தால் 'டேக்கன்': "ஐ ஹேவ் டேக்கன் தி டேப்லெட்." "ஐ ஹேவ் டுக்" என்று வாயில் வந்தால் அங்கேயே திருத்திக்கொள்ளுங்கள்.

ஆர்வமுள்ளவர்களுக்கு ஒரு செய்தி. இது முதலில் இங்கிலாந்துச் சொல்லே அல்ல. கடல் கடந்து வந்து குடியேறிய வைக்கிங்குகளின் பழைய நார்ஸ் மொழியில் 'டாக்கா' என்று இருந்தது. அதன் இறந்தகாலம் 'டோக்'. அதுதான் இன்றைய 'டுக்' ஆனது. அதற்கு முன் பழைய ஆங்கிலத்தில் இதே வேலையைச் செய்த சொல் 'நிமன்'. அது வழக்கொழிந்துபோய், 'நம்' (மரத்துப்போன), 'நிம்பிள்' (சுறுசுறுப்பான) போன்ற ஆங்கிலச் சொற்களில் மட்டும் அதன் தடம் மிஞ்சியிருக்கிறது.

இரண்டாம் படி: இங்கிருந்து அங்கே

'டேக்' என்பதற்கு அடிப்படையாக ஒரு திசை உண்டு. பேசுகிறவர் இருக்கும் இடத்திலிருந்து வேறொரு இடத்துக்கு. அதற்கு எதிர்த்திசை 'ப்ரிங்'. கொண்டு போ, கொண்டு வா என்று நாம் பிரிப்பது போலத்தான். நீங்கள் தக்கலையில் வீட்டில் இருக்கிறீர்கள். மகள் நாகர்கோவில் கல்லூரிக்குக் கிளம்புகிறாள். "டேக் யுவர் அம்ப்ரெல்லா" என்பீர்கள். சாயங்காலம் அவள் திரும்பி வரும்போது எதையாவது வாங்கி வரச் சொல்ல வேண்டுமென்றால் "ப்ரிங் சம் மட்டிப்பழம்." இது குழம்புகிறவர்கள், வாயைத் திறக்கும் முன் 'போ'வா 'வா'வா என்று தமிழில் ஒருமுறை கேட்டுக்கொண்டால் போதும்.

தமிழில் பொருளை எடுத்துக்கொண்டு போவோம், ஆளைக் கூட்டிக்கொண்டு போவோம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'டேக்'தான். "அம்மையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன்" என்பதை "ஐ கால்ட் மை மதர் டு தி ஹாஸ்பிட்டல்" என்று சொல்கிறவர்கள் நிறைய. அதைக் கேட்பவர், நீங்கள் ஏற்கெனவே ஆஸ்பத்திரியில் இருந்துகொண்டு அம்மாவை அங்கே வரச் சொன்னதாகத்தான் புரிந்துகொள்வார். சரியான வாக்கியம்: "ஐ டுக் மை மதர் டு தி ஹாஸ்பிட்டல்." சாலையும் ஆளைக் கூட்டிப் போகும்: "திஸ் ரோடு டேக்ஸ் யூ டு முட்டம்."

பஸ், ரயில், ஆட்டோ எல்லாவற்றுக்கும் இதே வினை. வழி கேட்கும் பயணிக்கு "டேக் எ பஸ் ஃப்ரம் வடசேரி" என்றால் வடசேரியிலிருந்து பஸ் பிடித்துப் போகச் சொல்கிறீர்கள். "கேட்ச் எ பஸ்" என்றும் சொல்லலாம். ஆனால் ஏறுகிற செயலுக்கு 'டேக்' இல்லை, "கெட் ஆன்". திருப்பம் சொல்ல "டேக் தி செகண்ட் லெஃப்ட்." அதாவது இடது பக்கம் இரண்டாவதாக வரும் ரோட்டில் திரும்ப வேண்டும். நம் ஆட்கள் "கோ லெஃப்ட் சைடு, லெஃப்ட் சைடு" என்று கையைக் காட்டிக்கொண்டே இருப்பார்கள். எத்தனையாவது திருப்பம் என்று சேர்த்துச் சொன்னால் பயணி அலைய மாட்டார்.

மூன்றாம் படி: "இட் டேக்ஸ்"

என்னைக் கேட்டால் 'டேக்' விஷயத்தில் அதிகப் பயன் தருவது இந்த ஒரே அமைப்புதான். இதற்கு மட்டும் ஒரு வாரம் ஒதுக்கினாலும் தகும்.

ஒரு காரியத்துக்கு என்ன தேவைப்படும் என்று சொல்வதற்கு இது. முதலில் நேரம். "எவ்வளவு நேரம் ஆகும்?" என்பது "ஹவ் லாங் டஸ் இட் டேக்?" பதில், "இட் டேக்ஸ் அபவுட் ஹாஃப் அன் அவர்." இதில் 'இட்' என்பது எதையும் குறிக்கவில்லை, வாக்கியத்தைத் தாங்க நிற்கிறது. தமிழில் அதற்குச் சமமாக எதுவும் இல்லாததால் நமக்கு மறந்து போகிறது. "ஹாஃப் அன் அவர் வில் கம்" என்று சொல்லிவிடுகிறோம்.

யாருக்கு ஆகும் என்பதை நடுவில் வைக்க வேண்டும்: "இட் டேக்ஸ் மீ ஒன் அவர் டு ரீச் மார்த்தாண்டம்." என்ன செய்ய ஆகும் என்பது கடைசியில், 'டு' போட்டு. இந்த வரிசை மாறாது: இட், டேக்ஸ், யாருக்கு, எவ்வளவு, எதைச் செய்ய.

விவேகானந்தர் பாறைக்குப் படகுக்காக நிற்கிற கூட்டத்தில் ஒருவர் கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள். படகு போய்ச்சேர ஆகிற நேரம் வேறு, வரிசையில் நிற்கிற நேரம் வேறு. "தி போட் டேக்ஸ் ஒன்லி எ ஃபியூ மினிட்ஸ், பட் தி க்யூ மே டேக் அன் அவர்." பாறையில் இறங்கிய பிறகு திருவள்ளுவர் சிலைக்குப் போக 2024 டிசம்பரில் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் இருக்கிறது. அதைப் பற்றிக் கேட்டால், "இட் டேக்ஸ் எ ஃபியூ மினிட்ஸ் டு வாக் அக்ராஸ்." இங்கே 'இட்'டுக்குப் பதிலாகப் படகு, வரிசை என்று பெயரையே எழுவாயாக வைத்திருப்பதையும் கவனியுங்கள். இரண்டு வழியும் சரி.

நேரத்தோடு இது முடிவதில்லை. ஆள், பொறுமை, தைரியம், பணம் என எது தேவைப்பட்டாலும் இதே அமைப்புதான். நம் கடற்கரையில் கரமடி இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். கயிற்றின் இரண்டு முனையிலும் ஆள் வரிசையாக நின்று, ஒரே தாளத்தில் பின்னால் நகர்ந்து நகர்ந்து வலையைக் கரைக்குக் கொண்டுவருவார்கள். இதை ஒரு வெளிநாட்டவருக்கு விளக்க நீளமாக எதுவும் வேண்டாம். "இட் டேக்ஸ் மெனி பீப்பிள் டு புல் திஸ் நெட்." ரப்பர் பால் வெட்டுவதைப் பற்றி, "இட் டேக்ஸ் ஸ்கில்." சின்ன வாக்கியம், முழு அர்த்தம்.

நான்காம் படி: 'எடு' வரும், 'டேக்' வராது

இங்கேதான் நிதானமாக நிற்க வேண்டும். தமிழில் 'எடு' செய்யாத வேலையே இல்லை. அதை அப்படியே 'டேக்' ஆக்கினால் சில இடத்தில் சரியாக வரும், சில இடத்தில் அர்த்தமே மாறிவிடும்.

துணியிலிருந்து தொடங்கலாம். "மக்களே, பொங்கலுக்குத் துணி எடுத்தாச்சா?" என்றால் வாங்கியாயிற்றா என்றுதான் கேள்வி. "டிட் யூ டேக் ட்ரெஸ்?" என்றால் துணியைத் தூக்கிக்கொண்டு போனாயா என்று ஆகும். "ஹேவ் யூ பாட் யுவர் க்ளோத்ஸ்?" என்பதே சரி. நகை எடுப்பது, புது பைக் எடுப்பது எல்லாம் இந்த வகை. அங்கெல்லாம் 'பை', அதாவது வாங்கு.

படம் எடுப்பது மூன்று வகை. போட்டோ எடுத்தால் "டேக் எ ஃபோட்டோ", சரி. சினிமா எடுத்தால் "மேக் எ ஃபிலிம்". பாம்பு படம் எடுத்தால் "தி கோப்ரா ரெய்ஸ்ட் இட்ஸ் ஹுட்". தமிழில் ஒரே சொல்தொடர், ஆங்கிலத்தில் மூன்று வினை.

மார்க் எடுத்தால் "கெட்" அல்லது "ஸ்கோர்". கிரிக்கெட்டில் ரன் எடுத்தாலும் "ஸ்கோர்", ஆனால் விக்கெட் எடுத்தால் "டேக்". போனை எடுத்தால் "ஆன்சர்" அல்லது "பிக் அப்". ஜெராக்ஸ் எடுத்தால் "மேக் எ காப்பி". முயற்சி எடுத்தால் "மேக் அன் எஃபர்ட்". நடவடிக்கை எடுத்தால் "டேக் ஆக்‌ஷன்". முடிவு எடுத்தால் "மேக்" போடலாம், "டேக்"கும் போடலாம். பசி எடுத்தால் தனி வினை வேண்டாம், 'ஆம்' போதும்: "ஐ ஆம் ஹங்ரி."

வகுப்பு எடுப்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். "ஐ டேக் மேத்ஸ் க்ளாஸ்" என்று நம் ஆசிரியர்கள் சொல்வது பிரிட்டிஷ் காதுக்குப் பெரிய வித்தியாசமாகத் தெரியாது. அமெரிக்கருக்கு, நீங்கள் அந்த வகுப்பில் மாணவராகச் சேர்ந்து படிப்பதாகத்தான் படும். "ஐ டீச் மேத்ஸ்" என்றால் எங்கும் குழப்பமில்லை.

சாயாக்கடைக்கு வருவோம். "ஒரு சாயா எடுங்க" என்பது "டேக் ஒன் டீ" இல்லை. "கேன் ஐ ஹேவ் எ டீ, ப்ளீஸ்?" என்று 'ஹேவ்' வர வேண்டும். சாப்பாட்டுக்கும் அதேதான்: "ஹேவ் யூ ஹேட் லஞ்ச்?" "டிட் யூ டேக் ஃபுட்?" என்பதை இந்தியாவுக்குள் எல்லாரும் புரிந்துகொள்வார்கள், வெளியே அது ஒட்டாது. ஆனால் சர்க்கரை மட்டும் விலக்கு. "டு யூ டேக் ஷுகர்?" என்று அவர்களே கேட்பார்கள். பார்சலுக்கு பிரிட்டனில் "டேக் அவே".

ஐந்தாம் படி: 'எடு' வராது, 'டேக்' வரும்

இது எதிர்ப்பக்கம். தமிழில் வேறு வினை இருப்பதால் நமக்கு 'டேக்' நினைவுக்கே வராத இடங்கள். இவற்றைத் தனியாக எழுதிவைக்கச் சொல்வேன்.

மருந்துக்கு எப்போதும் 'டேக்'. "மாத்திரை போட்டீங்களா?" என்பதை "டிட் யூ புட் தி டேப்லெட்?" என்று கேட்கக் கூடாது. "டிட் யூ டேக் தி டேப்லெட்?" நர்சிங் பிள்ளைகள் இந்தப் பகுதியைச் சத்தமாகச் சொல்லிப் பழக வேண்டும்: "ஆர் யூ டேக்கிங் எனி மெடிசின்ஸ்?" "ஹவ் லாங் ஹேவ் யூ பீன் டேக்கிங் இட்?" "டேக் ஒன் டேப்லெட் ட்வைஸ் எ டே, ஆஃப்டர் ஃபுட்." பிரஷர் பார்ப்பது "லெட் மீ டேக் யுவர் பிளட் ப்ரெஷர்." மூச்சை இழுக்கச் சொல்ல "டேக் எ டீப் ப்ரெத்", நடுவிலுள்ள 'எ' விடுபடாமல்.

அதே வார்டில் 'டேக்' வராத இடங்களும் உண்டு. நோயாளி வாந்தி எடுத்தால் "ஹி வாமிட்டட்", "டுக் வாமிட்" இல்லை. ஊசி போடுவது "கிவ் அன் இன்ஜெக்‌ஷன்". நோயாளி ஸ்கேன் எடுத்தால் "ஷி ஹேட் எ ஸ்கேன்". ரெஸ்ட் எடுக்கச் சொல்ல "டேக் ரெஸ்ட்" என்பது நம் நாட்டு வழக்கு, "கெட் சம் ரெஸ்ட்" என்றால் எங்கும் செல்லும். ஒருவரைக் கவனித்துக்கொள்வது "டேக் கேர் ஆஃப்". இதில் 'ஆஃப்' இல்லாமல் "டேக் கேர்" என்றால் உடம்பைப் பார்த்துக்கொள் என்று விடைபெறுவது.

தேர்வு. நாம் பரீட்சை எழுதுவோம், அவர்கள் "டேக் அன் எக்ஸாம்" என்பார்கள். பிரிட்டனில் "சிட் அன் எக்ஸாம்" என்பதும் உண்டு. நேர்முகத்தில் "ஐ டுக் தி ஐஈஎல்டிஎஸ் லாஸ்ட் இயர்" என்று சொல்லுங்கள். "ரோட்" வேண்டாம்.

உட்காரச் சொல்ல "ப்ளீஸ் டேக் எ சீட்." ரயிலில் காலி இடத்தைக் காட்டி, "இங்கே ஆள் இருக்கா?" என்று கேட்க, "இஸ் திஸ் சீட் டேக்கன்?" ஆள் இல்லையென்றால் பதில் "நோ". பழக்கதோஷத்தில் "யெஸ், யெஸ்" என்று தலையாட்டினால் வந்தவர் போய்விடுவார்.

கடற்கரைக் கடைக்காரர்களுக்கு மூன்று வாக்கியம் போதும். வாங்க வந்தவர் "ஐ வில் டேக் இட்" என்றால் வியாபாரம் முடிந்தது, எனக்கு இதுவே வேண்டும் என்கிறார். பொருளைப் பொட்டலம் கட்டத் தொடங்கலாம். "ஐ வில் டேக் டூ" என்றால் இரண்டு. "டு யூ டேக் கார்ட்ஸ்?" என்றால் கார்டு செல்லுமா என்று கேள்வி. "நோ, பட் வி டேக் ஜிபே" என்று பதில் சொல்லலாம். இங்கே 'டேக்' என்பதற்கு ஏற்றுக்கொள்வது என்று பொருள்.

அந்தப் பொருளை மனத்துக்கும் நீட்டுகிறார்கள். பேச்சைப் பெரிதாக எடுத்துக்கொள்வது "டேக் இட் சீரியஸ்லி", தன்னைக் குத்திச் சொன்னதாக எடுத்துக்கொள்வது "டேக் இட் பர்சனலி". இங்கே தமிழும் ஆங்கிலமும் ஒன்றாகவே போகின்றன. ஆனால் "என்னைத் தப்பா எடுத்துக்காதீங்க" மட்டும் "டோன்ட் கெட் மீ ராங்".

ஆறாம் படி: நம் வரலாற்றில் வைத்துப் பார்க்க

"டேக் ப்ளேஸ்" என்றால் நடைபெறுவது, "டேக் பார்ட்" என்றால் கலந்துகொள்வது, "டேக் ப்ரிஸனர்" என்றால் சிறைப்பிடிப்பது. குளச்சல் போரை எடுத்துக்கொண்டால் மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கும். "தி பேட்டில் ஆஃப் குளச்சல் டுக் ப்ளேஸ் இன் 1741." மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்த போர் அது. டச்சுப் பக்கம் போரிட்ட டிலனாயைப் பற்றி, "டிலனாய் டுக் பார்ட் இன் தி பேட்டில் அண்ட் வாஸ் டேக்கன் ப்ரிஸனர்." பிறகு அவர் திருவிதாங்கூர் மன்னரிடமே வேலைக்குச் சேர்ந்தார்: "லேட்டர் ஹி டுக் சர்வீஸ் அண்டர் தி கிங்." புலியூர்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குள் அவர் கல்லறை இருக்கிறது. அங்கே வரும் பயணிகளுக்கு இந்த மூன்று வாக்கியத்தையும் தடுமாறாமல் சொன்னால் கதை முழுசாகப் போய்ச்சேரும். "டேக் ப்ளேஸ்" என்பதற்குச் செயப்பாட்டு வடிவம் கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். "வாஸ் டேக்கன் ப்ளேஸ்" என்று எழுதுவது தவறு.

ஏழாம் படி: ஒட்டுச் சொற்கள்

முதலில் கற்க வேண்டியது "டேக் ஆஃப்". விமானம் கிளம்புவதும் இதுதான், செருப்பைக் கழற்றுவதும் இதுதான். பத்மநாபபுரம் அரண்மனை வாசலில் "ப்ளீஸ் டேக் ஆஃப் யுவர் சாண்டல்ஸ்." கன்னியாகுமரி பகவதியம்மன் கோயிலில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும் என்பதால் அங்கே "ப்ளீஸ் டேக் ஆஃப் யுவர் ஷர்ட்." சட்டையின் பெயரைச் சொன்னால் 'ஆஃப்' முன்னும் வரலாம், பின்னும் வரலாம். 'இட்', 'தெம்' என்று சுட்டினால் அது நடுவில்தான் நிற்கும்: "டேக் இட் ஆஃப்", "டேக் தெம் ஆஃப்". "டேக் ஆஃப் இட்" கிடையாது. ஒரு நாள் விடுப்பு "டேக் எ டே ஆஃப்".

"டேக் ஆஃப்டர்" என்பது ஜாடை. "அப்படியே பாட்டியை உரிச்சு வச்சிருக்கா" என்பது "ஷி டேக்ஸ் ஆஃப்டர் ஹெர் கிராண்ட்மதர்." இது பிரியாது, ஆள் பெயர் கடைசியில்தான் வரும். பெரியவர்களோடு உள்ள ஒப்புமைக்கே இது, அக்காள் தங்கை இருவர் ஒரே மாதிரி இருந்தால் "லுக் அலைக்".

"டேக் ஓவர்" பொறுப்பை வாங்கிக்கொள்வது. டூட்டி மாறும்போது "கேன் யூ டேக் ஓவர் ஃப்ரம் மீ அட் எய்ட்?" மற்றவை சுருக்கமாக: "டேக் அப்" ஒரு தொழிலையோ பழக்கத்தையோ தொடங்குவது, "டேக் ஆன்" கூடுதல் வேலையை ஏற்பது, "டேக் டவுன்" எழுதிக்கொள்வது, "டேக் பேக்" திருப்பி வாங்கிக்கொள்வது, கடன் வாங்குவது "டேக் அவுட் எ லோன்".

எட்டாம் படி: பழகும் முறை

ஒரு நோட்டில் பெயர்ச்சொல்லை முதலில் எழுதுங்கள், வினையை அப்புறம். மாத்திரை என்று எழுதி எதிரில் 'டேக்'. துணி என்று எழுதி 'பை'. சாயா என்று எழுதி 'ஹேவ்'. மார்க் என்று எழுதி 'கெட்'. வினையை மேலே தலைப்பாகப் போட்டு அர்த்தங்களை அடுக்கினால் பேசும்போது கைகொடுக்காது. பேச்சில் முதலில் நினைவுக்கு வருவது மாத்திரையும் சாயாவும்தான்.

பிறகு அன்றன்று வீட்டில் காதில் விழுந்த 'எடு' வாக்கியங்களை எழுதி ஒவ்வொன்றையும் மாற்றிப் பாருங்கள். தொடங்கிவைக்க ஐந்து:

"தண்ணி எடுத்துட்டு வா." இங்கே திசை நம்மை நோக்கி வருகிறது, ஆகவே "ப்ரிங் சம் வாட்டர்." போய் எடுத்துவர வேண்டுமென்றால் "கோ அண்ட் கெட் சம் வாட்டர்."

"தம்பியை ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போ." "டேக் யுவர் பிரதர் டு ஸ்கூல்."

"வண்டியை எடு, நேரமாச்சு." கிளப்பச் சொன்னால் "ஸ்டார்ட் தி பைக்", வெளியே கொண்டுவரச் சொன்னால் "கெட் தி பைக் அவுட்".

"குளச்சல் போக எவ்வளவு நேரம் எடுக்கும்?" "ஹவ் லாங் டஸ் இட் டேக் டு கெட் டு குளச்சல்?"

"ரூம் எடுத்துத் தங்கினோம்." "வி டுக் எ ரூம்", இங்கே 'டேக்' அப்படியே பொருந்தும்.